ஓராள் கணக்கு

பதினொன்றரைக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மணி பன்னிரண்டாகப் போகிறது, கதவு திறந்தபாடில்லை. மூன்றாம் மாடி நடையில் ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு அடியில் யாரோ ஒரு நீல வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அது முக்கால்வாசி நிறைந்துவிட்டது, இன்னும் எத்தனை சொட்டுக்குத் தாங்கும் என்று சங்கரவடிவு எண்ணத் தொடங்கி நாற்பத்திரண்டில் விட்டாள், மறுபடி தொடங்கினாள், மறுபடியும் எண் வழுக்கிக்கொண்டுபோய்ப் பதினொன்றில் நின்றது. இந்த மூன்று நாளாக எதை எண்ணினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. காலையில் இட்லித் தட்டில் குழிகளை எண்ணினாள், அதுவும் பதினொன்று போலத்தான் இருந்தது, உண்மையில் பன்னிரண்டு. மடியில் மடிக்கணினி, கைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். மடிக்கணினியில் இருப்பதை உள்ளே காட்டவேண்டும். தாளில் இருப்பதைக் காட்டுவதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை, முடிவெடுக்க எத்தனை நிமிஷம் மிச்சமிருக்கிறது என்றும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் டாக்டர் மாசிலாமணி ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். அவர் புற்றுநோய்க் கணக்கெடுப்புத் திட்டத்தின் தலைவர், இவள் அதன் கணினிக் கருவியை எழுதியவள். பதினாலு வருஷமாக இரண்டு பேரும் இப்படிக் கதவுகளுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அதெல்லாம் சரி, இதுல புதுசா என்ன, என்று கேட்பார். புதுசாக ஒன்றுமில்லை ஐயா, பழசு ஓடிக்கொண்டிருக்கிறது, அது நிற்காமல் ஓடக் காசு கொடுங்கள் என்றால் எவர் கொடுப்பார்? திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்க எல்லாரிடமும் காசு இருக்கிறது, கட்டடத்துக்கு வெள்ளையடிக்க யாரிடமும் இல்லை. இந்தத் தடவைதான் அதிசயமாக, ஏற்கெனவே நிலைபெற்ற கருவிகளைப் பேணுவதற்கென்றே நிதி வாரியம் ஒரு திட்டம் அறிவித்திருந்தது. ஒரே நிபந்தனை, கருவி நம்பத் தகுந்தது என்று காட்டவேண்டும். காட்டிவிட்டால் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. காட்ட முடியாவிட்டால் மார்ச் முடிவில் சர்வரை அணைத்துவிட வேண்டியதுதான்.

நம்பத் தகுந்தது. ஒன்பதாவது ஸ்லைடில் அப்படித்தான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாள், அதற்குக் கீழே பிழை விகிதம் ஆயிரத்துக்கு மூன்று என்று. அந்த ஸ்லைடைச் செய்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் இருந்தது. ஆயிரத்துக்கு மூன்று என்றால் என்ன நினைப்போம், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வயலில் களை முளைத்ததுபோல் சிதறிக் கிடக்கும் என்றுதானே நினைப்போம். எல்லாம் ஒரே ஊரில் போய்க் குவிந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கருவிக்குப் பெயர் ஓராள். மாசிலாமணி வைத்த பெயர். புற்றுநோய் வந்த ஒருத்தி தென்காசியில் சோதனை செய்துகொள்வாள், பாளையங்கோட்டையில் அறுவை செய்துகொள்வாள், மதுரையில் கரண்டு என்று சனம் சொல்லும் கதிர்வீச்சு வைத்துக்கொள்வாள், கடைசியில் கம்மலை விற்றுச் சென்னைக்கும் வருவாள். நாலு ஆஸ்பத்திரியில் நாலு சீட்டு. நாலு சீட்டையும் நாலு நோயாளி என்று எண்ணினால் கணக்கு வீங்கிப்போகும். இவை நாலும் ஓராள்தான் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் கருவியின் வேலை, இருபத்துமூன்று ஆஸ்பத்திரிகள் அதன் சொல்லை நம்பித்தான் எந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணுகின்றன, யாரை அடுத்த சிகிச்சைக்குக் கூப்பிட வேண்டும் என்று பட்டியல் போடுகின்றன. அதில் விதி பதினேழு அவளே யோசித்து எழுதியது. பெண்ணாக இருந்து, பெயர் ஒன்று, ஊர் ஒன்று, வயது ஏறக்குறைய ஒன்று, நோய் கண்ட உறுப்பும் ஒன்று, ஆனால் முதலெழுத்து மட்டும் வேறு என்றால் ஓராள் என்றே கொள்க, கல்யாணத்தில் மாறியிருக்கும். இதை எழுதிய அன்றைக்குத்தான் பேங்க்கில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மா. சங்கரவடிவு வேறே, க. சங்கரவடிவு வேறே மேடம், இது நீங்கதான்னு நாங்க எப்படி நம்புறது என்று கேட்டான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன். அப்பா எழுத்தை எடுத்துவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டதும் இருபத்தாறு வருஷமாக இருந்த ஒருத்தி காணாமல் போய்விடுகிறாள், என் கருவியில் ஒரு பெண்ணும் அப்படித் தொலையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கோபத்தில் எழுதிய விதி நன்றாக வேலை செய்தது. எத்தனையோ பெண்களை ஒன்றுசேர்த்தது. அதற்கு ஒரு கருத்தரங்கில் கை தட்டினார்கள், ஒரு சால்வையும் போட்டார்கள். சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது.

சொட்டு விழுந்தது. மூன்று நாளைக்கு முன்னால் இதே நேரம்தான் ஜோஸ்பின் போன் செய்தாள். தெற்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சீட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்கிறவள் ஜோஸ்பின், வீடு வீடாகவும் போவாள், சைக்கிள் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லுமாதிரி இருக்கும், அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே மூச்சு வாங்கியது. "யக்கா, செங்கட்டாங்குளம் வந்துருக்கேன். நம்ம லிஸ்ட்ல ஒரு பேச்சியம்மாதானக்கா இருக்கு, நாப்பது வயசுன்னு? அதுக்கு மட்டும் ஏன் ஒம்பது வருசமா சீட்டு வந்துக்கிட்டே இருக்குன்னு பாக்க வந்தேன். இங்க ஒரு வீட்ல போட்டோக்கு மாலை போட்டுருக்கு, பேச்சியம்மான்னாவ. அடுத்த தெருவுல இன்னொரு வீடு, அங்கயும் மாலை, அதுவும் பேச்சியம்மாதான்னாவ. நாலு வீட்ல நாலு போட்டோ பாத்துட்டேன்க்கா. மூஞ்சி வேற வேறல்லா இருக்கு." வடிவுக்கு முதலில் புரியவில்லை, புரியாததுபோல் இருந்தாள், இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்கே தெரியாது. குளத்துக் கரையில் பேச்சியம்மன் இருக்கிறாள், தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் அம்மன் பெயர்தான் வைக்கவேண்டும், வைக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று ஊர்ச்சனம் நம்புகிறது. ஆக வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாள். சாயங்காலத்துக்குள் ஜோஸ்பின் பதினொரு பேரை எழுதிவிட்டாள். கருவியின் கணக்கில் இரண்டே பேர், நாற்பது வயதில் ஒருத்தி, ஐம்பத்தைந்தில் ஒருத்தி. பதினொரு பேருக்கும் நோய் ஒரே இடத்தில், உணவுக்குழாயில். முந்நூறு வீடுள்ள ஊரில், அந்த ஒரு பெயரில் மட்டும், பதினொன்று. மற்றப் பெயர்களில் எத்தனை என்று ஜோஸ்பின் இன்னும் எண்ணவில்லை. "வெயிலுக்கு மோர் குடுத்தாவக்கா, குடிச்சேன்" என்றாள் போனை வைக்கும் முன்பு, குரலை ஒருமாதிரி இறக்கி. "குடிச்சிருக்கக் கூடாதோ?" தண்ணீரா, மண்ணா, அடுப்புப் புகையா, வாயில் போட்டு மெல்லும் எதுவோவா, யாருக்குத் தெரியும். யாரும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை, கணக்கில் இரண்டு பேர்தானே. அங்கே நோய் கூடக் கூட, அதே உறுப்பு அதே உறுப்பு என்று கருவி அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு ஆளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கருவிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதற்கு எந்த எண்ணமும் கிடையாது, அவள் சொன்னதைச் செய்தது.

தேதிப் பிழை. இதைத்தான் அவள் மாசிலாமணியிடம்கூடச் சொல்லவில்லை. கருவி ஒருநாளும் எச்சரிக்காமல் இருந்ததில்லை, எச்சரித்தது. செத்துப்போனதாகப் பதிந்த ஒருத்தி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால் சிவப்பில் ஒரு வரி வரும், இறந்தவர் மீண்டும் வந்திருக்கிறார், சரிபார்க்கவும் என்று. மாதத்துக்கு இருநூறு வரும் அப்படி. பெரும்பாலும் எழுதுகிறவர்கள் வருஷத்தை மாற்றிப் போட்டதால் வருவது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சரிபார்க்க முன்பு மூன்று பேர் இருந்தார்கள், போன நிதி குறைந்தபோது மூன்று பேரையும் அனுப்பியாயிற்று, அப்புறம் அவளே உட்கார்ந்து தள்ளினாள். தள்ளினாள் என்பதுதான் சரியான சொல். தேதிப் பிழை, அழுத்து. தேதிப் பிழை, அழுத்து. ஆடியில் செத்தவள் கார்த்திகையில் மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருக்கிறாள், தேதிப் பிழை, டீ ஆறுகிறது, அழுத்து. முந்தாநாள் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். செங்கட்டாங்குளத்துப் பேச்சியம்மாள் மூன்று தடவை செத்தபிறகு வந்திருக்கிறாள், மூன்று தடவையும் பொத்தானை அழுத்தியது இவள் கைதான், பெயரும் நேரமும் பதிவாகியிருக்கிறது. அந்த விரலை இப்போது பார்த்தாள். நகத்தில் மஞ்சள் கறை, காலையில் சாம்பாருக்கு அரைத்தது. சாதாரண விரல். இதே மாதிரி எத்தனை ஊரில் எத்தனை அம்மன், எத்தனை தலைப்பிள்ளைகள்? இசக்கியம்மனுக்குப் பேர்போன ஊர்கள் எத்தனையோ உண்டு, விதி பதினேழு பதினாலு வருஷமாக அங்கெல்லாம் நடமாடியிருக்கிறது. கால் இரண்டும் தன்பாட்டில் ஆடின. மடிக்கணினியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"காலை ஆட்டாதே வடிவு" என்றார் மாசிலாமணி, ஏலக்காய்த் தோலைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு. "பாரும்மா, மறுபடி சொல்றேன். நான் மறைக்கச் சொல்லலை. இன்னைக்கு வேண்டாம்னு சொல்றேன், அவ்வளவுதான். பணம் வரட்டும். வந்ததும் முதல் வேலையா அந்த விதியைத் தூக்கிடு, சத்தமில்லாம சரி பண்ணிடலாம். இன்னைக்குச் சொன்னா என்ன ஆகும்? கருவியே தப்புன்னு எழுதி மூடிடுவாங்க. அப்புறம் சரி பண்ண நீயும் இருக்கமாட்ட, கருவியும் இருக்காது. நம்ம ஆபீஸ்ல எட்டுப் பேர் நடுத்தெருவுல நிப்பாங்க. அதுல யாருக்கு என்ன லாபம், அந்தப் பேச்சியம்மாளுக்கு லாபமா?" கெட்டவர் இல்லை மாசிலாமணி. ஆறு மாதம் சம்பளம் வராதபோது தன் கிளினிக் வருமானத்திலிருந்து ஆபீஸ் பையன்களுக்குக் கொடுத்தவர். அவர் சொல்வதில் ஓட்டை தேடித் தேடி மூன்று நாள் தூக்கம் போயிற்று. ஓட்டை இருந்தது. சத்தமில்லாமல் கருவியைச் சரிசெய்யலாம், சத்தமில்லாமல் ஒரு ஊருக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது. இருபத்துமூன்று ஆஸ்பத்திரியும் பழைய சீட்டுகளைத் திறக்க வேண்டும், திற என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதோடு பன்னிரண்டாவது ஆள் இருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் ஜோஸ்பின் கண்டுபிடித்தாள். மு. பேச்சியம்மாள், வயது நாற்பத்தொன்று. ஆவணியில் முதல் மருந்து ஏற்றியிருக்கிறார்கள், அதற்குள் கருவி அவளைப் பிடித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்த இன்னொரு பேச்சியம்மாளோடு சேர்த்துவிட்டது. இறந்தவர் மீண்டும் வந்திருக்கிறார். தேதிப் பிழை. இறந்தவரை யாரும் அடுத்த மருந்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. வடிவு நேற்றே அந்த ஒரு பதிவை மாற்றி உயிரோடு இருப்பவர் என்று போட்டுவிட்டாள், போட்டதும் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, திரையில் உயிர் கொடுப்பது அவ்வளவு சுலபம். இன்று காலை ஜோஸ்பின் அவள் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். ஆள் இருந்தால் போன் பண்ணுகிறேன் என்றாள். மணி பன்னிரண்டே கால். போன் வரவில்லை.

சொட்டு. வாளி நிறைந்து ஒரு நூல் தண்ணீர் தரையில் இறங்கி, கோணலாக ஓடி, அவள் செருப்புப் பக்கம் வந்தது. எல்லாவற்றிலும் மோசம் என்னவென்றால் அவளுக்கு இது தெரியும். மெட்ராஸில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இந்த விதியை எழுதியிருந்தால் பாவம், தெரியாமல் செய்தாள் என்று விடலாம். வடிவு படித்த பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பில் நாலு பேச்சியம்மாள். அருணாசலம் சார் வருகைப் பதிவை எடுத்து, பேச்சியம்மாள் என்பார், நாலும் எழுந்து உள்ளேன் ஐயா என்று கத்தும், வகுப்பே சிரிக்கும். அப்புறம் அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார், அப்பா பெயரோடு, அவசரமே படாமல். சுப்பையா மகள் பேச்சியம்மாள். நிறுத்துவார். உள்ளேன் ஐயா என்று வந்தால்தான் அடுத்தது. வராவிட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார், எங்கே அந்தப் பிள்ளை, காய்ச்சலா என்று கேட்காமல் விடமாட்டார். நாலு பேர் என்று அந்த மனிதருக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவள்தான் பெயரும் ஊரும் ஒன்றானால் ஓராள் என்று எழுதினாள். எழுதும்போது ஞாபகமே வரவில்லை, பேங்க்காரன் முகம்தான் ஞாபகம் வந்தது, தனக்கு நேர்ந்த ஒரு அவமானம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. தன்மேல் அவளுக்கு அசிங்கமாக வந்தது. தண்ணீர் செருப்பைத் தொட்டது, காலை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே யாரோ சிரித்தார்கள். கதவு திறந்து அட்டெண்டர் தலையை நீட்டி, ஓராள் யாருங்க, உள்ள வாங்க என்றார்.

அறை குளிர்ந்து கிடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் குழுத் தலைவர் கோமதிநாயகம், புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், இவர்கள் வேலையைப் பத்து வருஷமாகத் தெரிந்தவர். போனை மேஜைமேல் வைத்தாள், வைக்கக் கூடாது என்று தெரிந்தும் வைத்தாள். எட்டு ஸ்லைடும் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வாய் பேசிக்கொண்டிருந்தது, காது போனில் இருந்தது. ஒன்பதாவது வந்ததும் கோமதிநாயகம் கையை உயர்த்தினார். "ஆயிரத்துக்கு மூணு. இதைவிட என்ன வேணும்? சந்தோஷம்மா. எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை, நீங்க ஏதாவது சொல்லணுமா?" மாசிலாமணி அதற்குள் நாற்காலியை நகர்த்தி, ரொம்ப நன்றி சார் என்று எழுந்துவிட்டார். இப்போது எழுந்தால் முடிந்தது. எழுந்து கும்பிட்டு வெளியே போய் அந்த வாளியைத் தாண்டினால் ஐந்து வருஷம். எழுந்தாள். கை பைக்குள் போய்த் தாளை எடுத்தது. "ஒரு வருகைப் பதிவு சார்" என்றாள், தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "சுப்பையா மகள் பேச்சியம்மாள்." நிறுத்தினாள். "கருப்பசாமி மகள் பேச்சியம்மாள்." நிறுத்தினாள். "மாடசாமி மகள் பேச்சியம்மாள்." வடிவு, என்றார் மாசிலாமணி மெதுவாக, கையைப் பிடிக்கவில்லை. நாலாவதில் ஓரத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். "மேடம், ஒரே பேரையே வாசிக்கிறீங்க?" "ஆமா சார். பேர் ஒண்ணுதான். எங்க கருவியும் உங்கள மாதிரிதான் நினைச்சுது." ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு பெயருக்கும் அருணாசலம் சார் விட்ட இடைவெளியை விட்டாள். ஒன்பதாவதுக்கெல்லாம் கோமதிநாயகத்துக்குப் புரிந்துவிட்டது, எண்களோடு வாழ்ந்த மனுஷன், பேனாவை மூடி வைத்தார். பதினொன்றும் முடிந்ததும், "இதுல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?" என்று கேட்டார். "பதினொண்ணுல யாரும் இல்லை சார். பன்னிரண்டாவது தெரியலை. முத்துக்குட்டி மகள் பேச்சியம்மாள்." நிறுத்தினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. விதி பதினேழைச் சொன்னாள், பொத்தானைச் சொன்னாள், தன் விரலைச் சொன்னாள், நாலு மாதத்தைச் சொன்னாள். ஒன்பதாவது ஸ்லைடு சுவரில் அப்படியே நின்றது.

போன் மேஜைமேல் அதிர்ந்து சுற்றியது. ஜோஸ்பின். யாரையும் கேட்காமல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஆட்டுச் சத்தம், காற்று. "யக்கா, ஆள் இருக்காக்கா. இந்தா குடுக்கேன், நீங்களே பேசுங்க." ஒரு இருமல் வந்தது, வெகுநேரம் வந்தது. அப்புறம் ஒரு பெண் குரல், தண்ணீர் இறங்காத தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக. "நான் பேச்சியம்மா பேசுதேன்மா. ஆசுபத்திரியில கூப்புடுதோம்னாவ. கூப்புடவே இல்ல. கூப்புடலன்னதும் எனக்குச் சொகமாயிட்டுன்னுலா நெனச்சேன். சாமிக்குப் பொங்கல்கூட வச்சிட்டேன்." கோமதிநாயகம் போன் பக்கம் குனிந்தார். "இப்பம் இந்தப் பிள்ள வந்து ஏதோ சொல்லுது. நீங்க பெரிய எடத்துல இருக்கீகளாம். சொல்லுங்கம்மா, இனி நான் வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.